ஆரோக்கியப்பச்சை
டிரைக்கோபஸ் ஜெய்லானிகஸ், உபஜாதி டிராவன்கோரிகஸ்

மயிரிழை போன்ற மலர்க்காம்புக்குப் பொருத்தமாக, கிரேக்கத்தில் ‘மயிர்க்கால்’ எனப் பொருள்படும் ‘டிரைக்கோபஸ்’ என்னும் நாமத்தை ஜெர்மானிய தாவர சாஸ்திரி கெய்ர்ட்னர் 1788-இல் வழங்கினார். அதைத் தொடரும் இரு பெயர்களுள் முன்னது இலங்கையையும், மற்றது பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும் குறிக்கும். ஆயின், 1987-இல் அகஸ்திய மலைச்சாரலில் களைத்து நடந்த விஞ்ஞானிகளுக்குச் சோர்வு நீக்கும் இதன் கனிகளைத் தின்னத் தந்து, செடியையும் காட்டிக்கொடுத்த காணிப் பழங்குடி மக்களுக்கு அந்த லத்தீன் நாமாவளியில் ஓரெழுத்தளவும் இடமில்லை. ‘ஆரோக்கியப்பச்சை’ அவர்கள் வழக்கு. இதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கிய, பாலோடு ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம், உரிமத் தொகையில் சரிபாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. சற்றுக் குனிந்து பாருங்கள்: இலைக்காம்பின் அடியில் ஒளிந்திருக்கும் சிறுமலர், நின்றபடி பார்ப்போர்க்குப் புலப்படாது.