அறைக்கு ஏற்ற ஒலி



சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாலை, என்னிடம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். இப்பொழுது அவர் சென்னையில் ஒரு கல்லூரியில் படிக்கிறார். திருவல்லிக்கேணியில் நண்பர் ஒருவருடன் சிறிய அறையொன்றில் தங்கியிருக்கிறார். மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, எட்டு மாதங்களில் 12,000 ரூபாய் சேர்த்திருந்தார். “ஐயா, அறையில் வைத்து இசை கேட்க ஒரு பெட்டி வாங்கப் போகிறேன். 10,000 வாட் சக்தி உடையதாம். விலையும் என் கைப்பணத்திற்குள் அடங்குகிறது” என்று மகிழ்ச்சியுடன் சொன்னார். அப்பெட்டியின் படங்கள் அவருடைய கைப்பேசியில் இருந்தன.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்தவன். ஆகவே, முன்புறப் படத்தைப் பார்த்த பின்னர், “தம்பி, பின்புறத்தைக் காட்டு” என்றேன். பின்புறத்தில் ஒட்டியிருந்த சிறிய சீட்டில், அப்பெட்டி மின்சாரக் குழாயிலிருந்து பெறும் திறன் 60 வாட் என்று அச்சிடப்பட்டிருந்தது. “அறுபது வாட் உள்ளே போகிறது, பதினாயிரம் வாட் வெளியே வருகிறதா? ஆற்றல் அழியாமை விதியை எந்த வகுப்பில் படித்தாய்?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பில் கவலையும் கலந்திருந்தது. எட்டு மாத உழைப்பல்லவா?

அன்று அவருடன் பேசியவற்றையே இன்று உங்களுடனும் பேச விரும்புகிறேன். குறைந்த பணத்தில் ஒரு மாணவர் தம் அறைக்கு ஸ்பீக்கரும் ரிசீவரும் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே பொருள்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ரிசீவர் என்பது இரண்டு கருவிகள் ஒன்றாய் அமைந்த பெட்டி. ஒன்று, வானொலி அலையைப் பிடிக்கும் பகுதி. மற்றொன்று, மெல்லிய மின்குறியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிபையர். பெருக்கப்பட்ட மின்னோட்டத்தை ஒலியாக மாற்றுவது ஸ்பீக்கர். ஒரு காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள். அச்சுருளோடு பிணைந்த கூம்பு. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-ஆம் ஆண்டில் இவ்வமைப்பைச் செம்மையாக விளக்கி வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும், நம் கடைகளில் விற்கப்படும் ஸ்பீக்கர்களுள் மிகப் பெரும்பாலானவை இம்முறையிலேயே இயங்குகின்றன.

இனி வாட்டுக் கணக்கிற்கு வருவோம். பெட்டியின்மீது ‘பி.எம்.பி.ஓ.’ என்று எழுதி ஆயிரக்கணக்கில் ஓர் எண் போட்டிருந்தால், அதனைப் பொருட்படுத்த வேண்டாம். கண்ணிமைக்கும் நேரத்தில் எழக்கூடிய உச்சத்தைக் கற்பனையாகக் கணக்கிட்டு அச்சிடும் எண் அது. அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. இத்தகைய விளம்பர எண்கள் மிகுந்தமையால்தான் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974-இல் ஆம்ப்ளிபையர்களின் திறனை எவ்வாறு அளந்து வெளியிட வேண்டும் என்று விதி செய்தது. நீங்கள் பார்க்க வேண்டுவது, கருவி தொடர்ந்து வழங்கக்கூடிய திறனை. ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் எழுத்துகளுடன் அது குறிக்கப்பட்டிருக்கும்.

அந்த எண்ணும் எவ்வளவு இருக்க வேண்டும்? இங்கே பலரும் அறியாத ஓர் உண்மை உண்டு. திறனை இருமடங்காக்கினால் ஒலி இருமடங்காகக் கேட்பதில்லை. 3 டெசிபெல்தான் கூடுகிறது. செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை. ஆகவே 20 வாட் கருவிக்கும் 40 வாட் கருவிக்கும் இடையே விலையில் தெரியும் வேறுபாடு செவியில் அவ்வளவாகத் தெரியாது.

ஸ்பீக்கரின் குறிப்புத்தாளில் ‘உணர்திறன்’ என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்பதே அது. சிறிய ஸ்பீக்கர்களில் 85 டெசிபெல் என்பது இயல்பான அளவு. இரண்டு ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு 2 மீட்டர் தள்ளி அமர்ந்தால், ஒவ்வொன்றிற்கும் 1 வாட் கொடுத்தபோதே ஏறத்தாழ 82 டெசிபெல் செவியை வந்தடையும். இருவர் இயல்பாக உரையாடும் ஒலி சுமார் 60 டெசிபெல் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எத்துணை உரப்பு என்பது விளங்கும். இசையில் திடீரென எழும் உச்சங்களுக்காகச் சற்று மிகுதி வேண்டும். அதற்கும் பக்கத்திற்கு 20 அல்லது 30 வாட் தாராளம்.

ஆகவே பணத்தை வாட்டில் கொட்ட வேண்டா. பத்து ரூபாய் இருந்தால் ஆறு ரூபாயை ஸ்பீக்கருக்கும், மூன்றரை ரூபாயை ரிசீவருக்கும், எஞ்சியதைக் கம்பிக்கும் ஒதுக்குக என்பது என் கருத்து. ஏனெனில், இந்நாளில் சாதாரண ஆம்ப்ளிபையர் கூட ஒலியை அதிகம் சிதைப்பதில்லை. ஒலியின் தன்மையை மிகுதியும் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும், அது வைக்கப்படும் அறையுமே. கம்பிக்கு உயர்ந்த விலை கொடுப்பது வீண். மூன்று மீட்டர் நீளத்திற்குச் சாதாரண இரட்டைச் செம்புக் கம்பி போதும்.

ஐந்தாறு ஸ்பீக்கர்கள் சேர்ந்த ‘ஹோம் தியேட்டர்’ தொகுதி, அதே விலைக்குக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதே பணத்தை ஆறு பங்காக்கினால் ஒவ்வொரு பங்கும் சிறுத்துப் போகும் என்பது சிறுவர் கணக்கு. இரண்டே ஸ்பீக்கர், இரண்டும் நல்லவை. இதுவே மாணவர் அறைக்கு உகந்தது.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது, கூம்பின் குறுக்களவு நான்கு அல்லது ஐந்து அங்குலம் இருத்தல் நலம். அதனினும் சிறியது, தாழ்ந்த சுரங்களைத் தர இயலாமல் திணறும். இதற்குக் காரணம் உண்டு. அதிர்வெண் பாதியாகும்போது, அதே உரப்பைத் தர நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சின்னஞ்சிறு கூம்பினால் அது முடியாது. அவ்வாறிருக்க, உள்ளங்கை அளவுப் பெட்டி இடி முழக்கம் செய்யும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டா.

கடையில் எதைக் கேட்டுச் சோதிப்பது? உங்களுக்கு நன்கு பழக்கமான மூன்றை எடுத்துச் செல்லுங்கள். முதலாவது, மனிதக் குரல். வானொலிச் செய்தி வாசிப்பே போதும். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் அந்த ஸ்பீக்கர் வேண்டா. இரண்டாவது, மிருதங்கம். அதன் வலந்தலையில் பூசப்படும் கருஞ்சாந்தினால் அதன் ஓசை சுருதியோடு இசைகிறது என்பதை ஸர் சி. வி. இராமன் ஆராய்ந்து 1920-இல் வெளியிட்டார். நல்ல ஸ்பீக்கரில் வலந்தலையின் நாதமும் தொப்பியின் கும்கியும் தனித்தனியே கேட்கும். மட்டமானதில் இரண்டும் வெறும் ‘தொப்’ என்று ஒலிக்கும். மூன்றாவது, தம்புரா. பாடகரின் குரலுக்குப் பின்னால் அதன் ரீங்காரம் அறுபடாமல் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்பில் வையுங்கள். சற்று உரத்து ஒலிப்பதே நல்லதாகத் தோன்றுவது நம் செவியின் இயல்பு. விற்பவர் அறிந்தோ அறியாமலோ ஒன்றைக் கூடுதலாகத் திருகி வைத்திருக்கலாம். தாழ்சுரத்தை மிகைப்படுத்தும் பொத்தானையும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதில் தவறில்லை. ஆனால் கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். அது நுரைப்பஞ்சாக இருந்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல உதிர்ந்துவிடும். இரப்பராக இருந்தால் நெடுநாள் உழைக்கும்.

ரிசீவரில் வேண்டுவன சிலவே. பண்பலை வானொலி, கைப்பேசியை இணைக்க ப்ளூடூத், கம்பி வழியே இணைக்க ஒரு துளை, செவிக்கருவிக்கு ஒரு துளை. ‘ஓம்’ என்னும் மின்தடைக் கணக்கையும் பாருங்கள். ரிசீவரின் பின்புறத்தில் ‘4 முதல் 8 ஓம்’ என்றிருந்தால் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் பொருந்தும். ‘8 ஓம்’ என்று மட்டும் இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டாதீர்கள். ஆம்ப்ளிபையர் சூடேறிப் பழுதாகும்.

வானொலியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் பண்பலை ஒலிபரப்பு 1977-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில்தான் தொடங்கியது. மத்திய அலையில் குறுகிய சுர எல்லையே கிடைக்க, பண்பலையில் 15,000 அதிர்வு வரை தெளிவாகக் கேட்கலாம். மாதச் சந்தா ஏதுமில்லை. கான்கிரீட் சுவருக்குள் அலை சரியாக எட்டவில்லையெனில், 75 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு கம்பிகளைச் சன்னலோரத்தில் இடமும் வலமுமாக நீட்டி வைத்து ரிசீவருடன் இணையுங்கள். பண்பலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் பாதி நீளமுள்ள ஏரியல் அதனை நன்கு பற்றும்.

கருவி வந்துவிட்டது. இனி, காசில்லாமல் ஒலியை மேம்படுத்தும் வழியைச் சொல்கிறேன். என் மாணவரின் அறை 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது. அத்தகைய அறையில் ஏறத்தாழ 48, 57 என்னும் அதிர்வெண்களில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தங்கி நின்று முழங்கும். மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் இம்முழக்கம் மிகும். ஆகவே மூலையைத் தவிர்த்து, பின்சுவரிலிருந்து ஓரடியேனும் முன்னே தள்ளி வையுங்கள். இரு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். கீச்சொலி தரும் சிறு கூம்பு செவியின் உயரத்தில் இருக்கட்டும். இரண்டு தடித்த பாடநூல்களை அடியில் வைத்தால் போதும். கையைத் தட்டிப் பாருங்கள். அறை ‘கண கண’ என்று எதிரொலித்தால் தரையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரியுங்கள். சன்னலுக்குக் கனமான திரையிடுங்கள்.

கம்பி மாட்டும்போது சிவப்பைச் சிவப்போடும் கருப்பைக் கருப்போடும் இணைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் மாறிப்போனால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; பாடகரின் குரல் நடுவில் நில்லாமல் எங்கோ மிதக்கும். நல்ல ஸ்பீக்கரை இந்தப் பிழையால் வெறுத்து ஒதுக்கியவர்களும் உண்டு.

இறுதியாக, என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய காலத்தில், ஆண்டுதோறும் விளையாட்டு விழாவிலும் ஆண்டு விழாவிலும் கூம்புக் குழாய் ஒலிபெருக்கியின் அடியிலேயே நின்று நிகழ்ச்சிகளை நடத்துவேன். செவி இரைந்தால், நாளைக் காலைக்குள் சரியாகிவிடும் என்று இருந்துவிடுவேன். சரியாகிவிட்டதாகவே எண்ணினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில், “தாத்தா, சுவர்க்கோழி எவ்வளவு சத்தமாகக் கத்துகிறது!” என்றாள் என் பேத்தி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதுமையும் காரணம், பேரொலியும் காரணம் என்றார் மருத்துவர். உட்செவியில் அழிந்த மயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் எந்தக் கடையிலும் அவை கிடைப்பதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்த அளவின்படி, வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. 89 என்றால் 5 மணிதான். வாரம் முழுவதற்கும் இவ்வளவே. சிறிய அறையில் ஒரு வாட் திறனே 80-ஐத் தாண்டிவிடும் என்று முன்னர்க் கண்டோம். அப்படியானால் 10,000 வாட் யாருக்கு?

என் மாணவர் அப்பெட்டியை வாங்கவில்லை. ஐந்து அங்குலக் கூம்புடைய இரண்டு ஸ்பீக்கர்களும், பக்கத்திற்கு 25 வாட் தரும் சிறு ரிசீவரும் வாங்கினார். ஜமுக்காளத்திற்கும் பணம் மிஞ்சியது. தைப் பொங்கலுக்கு வந்தபோது, “ஐயா, உடன் இருக்கும் நண்பர் படித்துக்கொண்டிருக்கும்போதும் நான் பாட்டுக் கேட்கிறேன், அவர் ஒன்றும் சொல்வதில்லை” என்றார். அவ்வளவு மெல்ல வைத்தும் தம்புராவின் ரீங்காரம் கேட்கிறதா என்று வினவினேன். கேட்கிறது என்றார்.

நண்பர்களே, பெட்டியின் முன்புறத்தை மட்டும் பார்க்காமல் பின்புறத்தையும் படியுங்கள். அறையை அளந்து வாங்குங்கள். குறைந்த ஒலியில் நிறைந்த இசையைக் கேளுங்கள். என் வயதிலும் உங்கள் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து சுவர்க்கோழியின் ஓசையை நீங்கள் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம்.