கூட்டரசுச் சட்டமும் மாநிலச் சட்டமும்

செனாய் நகரில் ஒருவருக்குச் சொந்த வீடு ஒன்று உண்டு எனக் கொள்வோம். அவ்வீட்டின் மண்ணுக்குரிய நிலவரி ஜொகூர் மாநில அரசைச் சேரும். வீட்டிற்குரிய மதிப்பீட்டு வரியைப் பெறுவது கூலாய் நகராண்மைக் கழகம். செனாய் விமான நிலையத்திலிருந்து அவர் தலைக்கு மேலே எழும் விமானத்தை ஆள்வதோ கூட்டரசுச் சட்டம். கூட்டரசின் விதியும் மாநிலத்தின் விதியும் மோதுமாயின் எது நிற்கும்? எது வீழும்?

மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் அட்டவணை, ஆட்சிக்குரிய பொருள்களைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாக வகுத்துள்ளது. குற்றவியல் சட்டமும் விமானப் போக்குவரத்தும் முதலதில் அடங்கும். நிலமும் ஊராட்சியும் இரண்டாவதில் அடங்கும்.

மாநிலச் சட்டம் வீழ்தற்கு வழிகள் இரண்டு. அதிகாரமின்மை ஒன்று, முரண்பாடு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். தனக்குரியதல்லாத பொருளில் மாநிலம் இயற்றும் சட்டம் அதிகாரமின்மையால் வீழ்கிறது. கிளந்தான் மாநிலத்தின் சரியா குற்றவியல் சட்டத்தில் 16 விதிகளைக் கூட்டரசு நீதிமன்றம் 2024இல் செல்லாவெனத் தீர்த்தது இவ்வகையினது. முரண்பாடு என்பது வேறு. மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்தோடு மாறுபட்டால் கூட்டரசுச் சட்டமே மேலோங்கும். மாறுபடும் அளவிற்கு மாநிலச் சட்டம் செல்லாது என்பது 75ஆம் பிரிவு. சட்டம் முழுதும் அழிவதில்லை. முரண்பட்ட பகுதியே அழியும் என்பது கருதத்தக்கது.

அங்ஙனமாயின், மாநிலப் பட்டியலிலுள்ள பொருளில் முரண்பாடு எங்ஙனம் எழும்? அதற்கு விடை 76ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் உள்ளது. நாடெங்கும் ஒரே முறை நிலவுதற்பொருட்டு, நிலம், ஊராட்சி ஆகியவை பற்றி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் இவ்வழி வந்ததே.

ஊராட்சியின் கதை இதனை நன்கு விளக்கும். இந்தோனேசியாவின் எதிர்ப்பு நடவடிக்கைகளைக் காரணங் காட்டி, 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டே அமைந்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன் என்னும் தமிழர். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், தன் 15ஆம் பிரிவால், தேர்தல் விதிகள் அனைத்தையும் செயலிழக்கச் செய்தது.

1951லேயே நகராட்சித் தேர்தல் கண்ட ஜார்ஜ் டவுனைத் தலைநகராக உடைய பினாங்கு மாநிலம், 2012இல் அத்தேர்தலை மீட்கத் தனிச் சட்டம் இயற்றியது. ஊராட்சித் தேர்தல் மாநிலப் பட்டியலில் உள்ளதன்றோ என்பது அதன் வாதம். ஆயினும், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது முரண்படுகிறது எனக் கூறி, அச்சட்டம் செல்லாதெனக் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. பட்டியலில் பெயர் இருந்தும் பயன் இல்லை என்பதே இதனால் விளங்குவது.

வரம்பு கூட்டரசுக்கும் உண்டு. தண்டனைச் சட்டத்தில் நாடாளுமன்றம் சேர்த்த 298அ என்னும் பிரிவு, மாநிலங்களுக்குரிய சமயப் பொருளில் தலையிட்டது எனக் கண்டு, 1988இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென அறிவித்தது.

இந்தியாவில் முறை சற்று வேறு. பொதுப் பட்டியலிலுள்ள பொருளில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்படினும், குடியரசுத் தலைவரின் இசைவு பெற்றால் அம்மாநிலத்தில் அது நிற்கும் என்கிறது அந்நாட்டு அரசமைப்பின் 254ஆம் பிரிவு. 2017இல் தமிழ்நாடு சல்லிக்கட்டுக்காக இயற்றிய திருத்தச் சட்டம் இவ்விசைவைப் பெற்றது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. மலேசியாவின் 75ஆம் பிரிவில் இத்தகைய வாயில் இல்லை.

எனவே, செனாய்வாசி நாடாளுமன்றத்திற்கும் மாநிலச் சட்டமன்றத்திற்கும் வாக்களிக்கிறார். தம் வீட்டு வரியைச் செலவிடும் நகராண்மைக் கழகத்தின் உறுப்பினரை மட்டும் அவர் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசே அவர்களை நியமிக்கிறது. ஜொகூர் அரசே விரும்பினும் அத்தேர்தலைத் தானாக மீட்டுத் தர இயலாது. பூட்டு மாநிலத்தின் கதவில் தொங்குகிறது. திறவுகோல் நாடாளுமன்றத்திடம் உள்ளது.