எஞ்சின் இல்லாத ஆகாயப் பயணம்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையை ஒட்டி, நெல் விளையும் கழனிகள் முடிந்து செம்மண் மேடு தலையெடுக்கும் பகுதியில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆங்கிலேயர் அமைத்த விமானத்தளம் ஒன்று, யுத்தம் முடிந்தபின் வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, இடையில் சிறிது காலம் வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்களுக்கு இடங்கொடுத்து, கடைசியில் 2013ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி இந்திய விமானப் படையின் நிலையமாக உருப்பெற்றது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி சுகோய்-30 போர் விமானங்களைக் கொண்ட 222ஆம் ஸ்குவாட்ரன் அங்கே நிலைகொண்டதிலிருந்து, வல்லத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடும் சந்தர்ப்பங்கள் பெருகிவிட்டன. இரண்டு எஞ்சின்களின் பேரிரைச்சலோடு மேகத்தைக் கிழித்துப் போகும் அந்த யந்திரத்தை ஓட்டுகிறவருடைய வித்தியாரம்பம் எப்படிப்பட்டது என்று அப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுவோர்தாம் குறைவு.

ராணுவக் கல்லூரிகளில் ஆகாயக் கல்வியின் அரிச்சுவடியாக நெடுங்காலம் இருந்து வந்தது, எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து செல்லும் கிளைடர். புனே நகருக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில், விமானப் படைக்கென்று தேர்வான கேடட்டுகள் போர் விமானத்தைத் தொடுவதற்குப் பல ஆண்டு முன்பே கிளைடரில் ஏறுகிறார்கள். இக்காலத்தில் அவர்கள் ஓட்டுவது சிறு மோட்டார் பொருத்திய சூப்பர் டிமோனா. கல்லூரி மாணவர்களுக்கோ, பண்டித ஹிருதயநாத குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் சிபாரிசுப்படி 1948இல் பிறந்த என்.சி.சி. என்னும் தேசிய மாணவர் படை, 1950இல் விமானப் பிரிவைத் தொடங்கி ஆகாய வழியைத் திறந்துவிட்டது. உலக அளவில் பார்த்தால், முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனி, ராணுவ விமானம் வைத்துக்கொள்ளலாகாது என்ற உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டிருந்த 1920ஆம் ஆண்டில், வாஸர்குப்பே என்னும் குன்றின்மீது இளைஞர்கள் கூடி எஞ்சின் இல்லாமலே பறக்கப் பழகியதிலிருந்துதான் இந்தக் கலை ஒரு சாஸ்திரமாக வளர்ந்தது.

நம் நாடு இவ்விஷயத்தில் அயலாரை மட்டும் நம்பியிருந்ததில்லை என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிட வேண்டும். சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிருதம் என்னும் நிபுணர் வடிவமைத்த கிளைடர்கள், நட்சத்திரங்களின் பெயர் தாங்கி ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன: 1958இல் அசுவினி, 1961இல் ரோகிணி, 1963இல் கார்த்திகை. பின்னர், என்.சி.சி. மாணவர்களுக்கென்றே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்தது ஆர்த்ரா, அதாவது நம் திருவாதிரை. இவற்றுள் ரோகிணியின் அமைப்பை நான் பெரிதும் மெச்சுகிறேன். ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னுமாக அமராமல் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பார்கள்; மாணவனுடைய கை நடுங்குவதை ஆசிரியர் காணலாம், ஆசிரியரின் முகம் கலங்காதிருப்பதை மாணவனும் காணலாம். இதைவிட நல்ல வகுப்பறை வேறு ஏது?

கிளைடர் எழும்பும் விதத்தை அருகிருந்து பார்ப்பவருக்கு அது மறக்காது. மைதானத்தின் ஒரு கோடியில் வின்ச் என்னும் யந்திர உருளை. மறுகோடியில், ஒரே சக்கரத்தின்மேல் நிற்பதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கையின் நுனி புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளைடர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு எஃகுக் கம்பி. ஒரு கேடட் ஓடிவந்து இறக்கை நுனியைத் தூக்கிச் சமனாகப் பிடிக்கிறான். மற்றொருவன் கொடி அசைக்கிறான். தளர்ந்து கிடந்த கம்பி மண்ணில் நெளிந்து, இறுகி, விறைக்கிறது. அடுத்த கணம் இறக்கை பிடித்தவன் நாலைந்து தப்படி கூடவே ஓடி நின்றுவிட, கிளைடர் தலையை உயர்த்தி, ஒரு நிமிஷத்துக்குள் ஏறத்தாழ 1000 அடி உயரத்தை அடைந்து, கம்பியைக் கழற்றி விட்டுவிடுகிறது. அதன்பின் காற்று உராயும் மெல்லிய ஓசையைத் தவிர வேறு சப்தம் இல்லை. விமானியின் கண்ணெதிரே கண்ணாடிக்கு வெளியே ஒட்டப்பட்ட சாண் நீளக் கம்பளி நூல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அது நேராக நின்றால் விமானம் காற்றோடு இணங்கிப் போகிறது, பக்கவாட்டில் சாய்ந்தால் காலும் கையும் ஒத்துழைக்கவில்லை என்று பொருள். எத்தனையோ விலையுயர்ந்த கருவிகள் வந்த பின்பும் அந்த நூலை எவரும் பிய்த்தெறியவில்லை.

சாதாரணப் பயிற்சிக் கிளைடர் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய இருபது அடி முன்னே செல்லும். ஆகவே 1000 அடியில் விடப்பட்டவனுக்கு ஆறு கிலோமீட்டர் மூலதனம். அதை எங்கே செலவிடுவது, எப்போது திரும்புவது, எந்தக் கோணத்தில் இறங்குவது என்பதையெல்லாம் அவனே நிச்சயிக்கவேண்டும். எஞ்சின் உள்ள விமானத்தில் இறங்குமுகம் பிசகினால் வேகத்தைக் கூட்டி மறுபடி ஒரு சுற்று வரலாம். கிளைடரில் அந்தச் சலுகை கிடையாது.

இன்னும் சற்று நேரம் மேலே தங்கவேண்டுமானால் தெர்மல் என்று கிளைடர்காரர்கள் சொல்லும் வெப்பக் காற்றின் எழுச்சியைத் தேடிப் பிடிக்கவேண்டும். காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜூன் 12ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் அணை திறந்து குறுவைக்கும் சம்பாவுக்கும் நீர் பாய்ந்த பின், வயலெல்லாம் தண்ணீர் தேங்கி, நிலம் குளிர்ந்து கிடப்பதால், மேலே எழும் காற்று பலமற்றது. அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்து, சித்திரையில் வயல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போதோ, சூரிய வெப்பம் முழுவதையும் மண் வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிறது. அதிலும் வல்லத்துச் செம்பாறை மேட்டில் முற்பகல் பதினொரு மணிக்கு நின்று அண்ணாந்து பார்த்தால், பருந்துகள் இறக்கையை ஒருமுறைகூட அசைக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு மேலே போவதைக் காணலாம். அந்த வட்டத்துக்குள்தான் கிளைடரும் நுழையவேண்டும். பிற்பகலில் நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே வர வர அந்த எழுச்சி அடங்கிவிடும். பருவத்தையும் மண்ணையும் நீரையும் சேர்த்துப் படிக்கும் இந்த அறிவு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பாதி அளவு பிறவியிலேயே வாய்த்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பாராசூட் பயிற்சி வேறுவகைத் தைரியத்தைக் கேட்கிறது. இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்கள், 1941ஆம் ஆண்டில் குதித்த லெப்டினன்ட் ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் ராணுவ வைத்தியரும், ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் ஆவர். அதே ரங்கராஜ் லெப்டினன்ட் கர்னலாகி, கொரியா யுத்தத்தில் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையினருடன் தம் சிறு குழுவோடு முன்சான்-னி என்ற இடத்தில் குதித்து, காயமுற்றோரைக் காத்து, மகாவீர் சக்கரம் பெற்றார். குதித்தது கொல்ல அன்று, பிழைக்க வைக்க. அவருடைய சரித்திரம் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் ஒரு முழுப் பாடமாக இடம்பெறத் தகுந்தது. இந்தியப் பெண்களில் முதல்வராக 1959இல் குதித்த விமானப் படை அதிகாரி கீதா சந்தாவும் ஒரு வைத்தியரே.

இன்று ஆக்ராவில் உள்ள பாராட்ரூப்பர்ஸ் பயிற்சிப் பள்ளியில் படைவீரர்களுடன், என்.சி.சி.யிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட மாணவ மாணவியரும் இந்த வித்தையைக் கற்கிறார்கள். ஆகாயத்தை நாடுமுன் தரையில் விழுந்து பழகுவதிலேயே நாட்கள் செல்லும். முழங்கால்களை ஒட்டி வைத்து, மோவாயை மார்போடு பதித்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்ற வரிசையில் அதிர்ச்சியைப் பகிர்ந்துகொண்டு உருள வேண்டும். பாராசூட் விரிந்தே இறங்கினாலும் ஓர் ஆள் உயரச் சுவரிலிருந்து குதித்த வேகம் இருக்கும். பின்பு ஏ.என்.-32 விமானத்தில், முதுகில் பெரிய பாராசூட்டும் மார்பில் ஆபத்துக்கு உதவும் சிறியதுமாக, ஸ்டாடிக் லைன் என்னும் பட்டையை மேலே ஓடும் கம்பியில் மாட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை வரிசையில் நிற்பார்கள். கதவுக்கு வெளியே கால் வைத்ததும் பட்டையே பாராசூட்டை இழுத்து விரித்துவிடும். அமெரிக்க விமானப் படைக் கல்விக்கழகத்திலோ கேடட் தம் முதல் குதிப்பிலேயே, பட்டையின் துணையின்றிச் சுயமாக விழுந்து, தாமே பாராசூட்டை விரிக்கவேண்டும். அவ்வாறு ஐந்து முறை குதித்தவருக்கு அதற்குரிய சின்னம் கிடைக்கிறது.

பிற்காலத்தில் என்.சி.சி.யில் கிளைடரின் ஸ்தானத்தை மைக்ரோலைட் பிடித்துக்கொண்டது; ஸ்லோவீனிய நாட்டு வைரஸ் எஸ்.டபிள்யூ-80 ரக விமானங்கள் 110 அதற்கென்று வாங்கப்பட்டன. அது நல்ல விமானமே. ஆயினும் பெட்ரோல் செலவையும் எஞ்சின் பராமரிப்பையும் உத்தேசித்து மாணவனுக்குக் கிடைக்கும் நேரம் அளந்து கொடுக்கப்படுகிறது. ஒரே வின்ச் நாள் முழுவதும் இருபது முப்பது மாணவர்களை மேலே அனுப்பவல்லது. கிளைடரைக் கைவிட்டது நஷ்டம் என்றே கருதுகிறேன்.

சுகோய் விமானங்கள் புழங்கும் தஞ்சைத் தளத்தில் கிளைடருக்கு இடமில்லை என்பது நியாயம். ஆனால் அதே யுத்தகாலத்து ஓடுபாதைகள் செட்டிநாட்டிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் இருக்கின்றன. செட்டிநாட்டின் வறண்ட செம்மண் வெப்பக் காற்றுக்குத் தஞ்சையைவிட ஏற்றது. புனேயில் ஹடப்சரில் அரசாங்கமே 1950இல் ஒரு கிளைடிங் மையத்தை நிறுவியது நமக்கு முன்மாதிரி. விடுமுறை மாதங்களில் செட்டிநாட்டு ஓடுபாதையில் ஒரு வின்ச்சும் இரண்டு கிளைடர்களும் வைத்துக் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி தர மாநில அரசும் சிவில் விமானத் துறையும் கலந்து ஏற்பாடு செய்யவேண்டும். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைக் கல்லூரிகளின் முதல்வர்கள் இக்கோரிக்கையை எழுத்து மூலம் அனுப்ப முன்வரவேண்டும். ஆக்ரா பயிற்சிக்குத் தேர்வாகி, சம்மதக் கடிதத்தை நீட்டும் மகனிடமும் மகளிடமும் பெற்றோர் பேதம் பாராட்டாமல் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.