ரிசீவர்களில் எவரை இறக்குவது, எவரை அமர்த்துவது?

கற்பனை அணி, மெய்யான கணக்கு – 8

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் உள்ளன. 2021ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடி, ஒரு வாரம் ஓய்வு கொள்கிறது. ஃபேன்டஸி ஃபுட்பால் எனப்படும் கற்பனை அணி விளையாட்டில் ஈடுபடுவோர் இந்த அணிகளின் வீரர்களைப் பருவத் தொடக்கத்தில் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதையும், அவ்வீரர்கள் களத்தில் ஈட்டுவதெல்லாம் கற்பனை அணிக்குப் புள்ளிகளாக மாறுவதையும் முந்தைய பகுதிகள் விளக்கின. பங்கீடு ஆண்டுக்கு ஒருமுறை முடிந்துவிடுகிறது. கைவசமுள்ள வீரர்களில் எவரை ஆடும் பட்டியலில் சேர்ப்பது, எவரைப் பெஞ்சில் அமர்த்துவது என்ற முடிவோ வாரந்தோறும் புதிதாக எழுகிறது. பெஞ்சில் இருப்பவர் எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் அவருடைய புள்ளிகள் கணக்கில் சேர்வதில்லை. ஒரு வீரரின் ஆட்டம் தொடங்கிவிட்டால் அவரை மாற்றவும் இயலாது.

இந்த முடிவு மிகக் கடினமாவது ரிசீவர்கள் விஷயத்தில்தான். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிச் சென்று பிடிப்பவர் ரிசீவர். கற்பனை அணிகள் தமக்குள் மோதும் லீகுகளில் பெரும்பாலானவை ஒவ்வோர் அணியும் இவர்களில் இருவரையோ மூவரையோ இறக்க வேண்டும் என்று வகுத்து, அதற்கு மேல் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் ஆகிய மூவகையினரில் எவரையும் நிறுத்தக்கூடிய ஃப்ளெக்ஸ் என்னும் பொது இடத்தையும் தருகின்றன. ரன்னிங் பேக்குக்குப் பந்து பெரும்பாலும் நேராகக் கையிலேயே கொடுக்கப்படுகிறது. ரிசீவரை அது வந்தடைய வேண்டுமானால் முன்வரிசை எதிரணியைத் தடுத்து நிறுத்த வேண்டும், எறிபவருக்கு அவகாசம் கிடைக்க வேண்டும், ஒரே நேரத்தில் ஓடும் பலரில் அவருடைய பார்வை இவர்மீது விழ வேண்டும், எறிதலும் குறி தவறாமல் வர வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் மிகத் திறமையான ரிசீவர்கூட வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

முடிவெடுப்பவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது தம் லீகின் புள்ளி முறையை. பரவலான வழக்கின்படி பிடித்து முன்னேறும் 10 கெஜத்துக்கு 1 புள்ளியும், எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு 6 புள்ளிகளும் வழங்கப்படுகின்றன, பி.பி.ஆர். எனப்படும் முறையில், பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் கூடுதலாக 1 புள்ளி உண்டு. நியூ இங்கிலாந்து அணியின் ராண்டி மாஸ் 2007ஆம் ஆண்டில் 98 பந்துகளைப் பிடித்து 1,493 கெஜமும் 23 டச்டவுன்களும் ஈட்டினார். நியூ ஆர்லியன்ஸ் அணியின் மைக்கேல் தாமஸ் 2019ஆம் ஆண்டில் 149 பந்துகளைப் பிடித்து 1,725 கெஜமும் 9 டச்டவுன்களும் ஈட்டினார். பந்து பிடித்ததால் வந்த புள்ளிகளை மட்டும் கூட்டினால், பழைய முறையில் மாஸ் 287.3, தாமஸ் 226.5 என்று ஏறத்தாழ 61 புள்ளி இடைவெளி தெரிகிறது, பி.பி.ஆர். முறையில் அது 385.3, 375.5 என்று 10 புள்ளிக்கும் குறைவாகச் சுருங்குகிறது. ஆகவே ஒரு லீகில் பெஞ்சுக்கு உரியவராகத் தோன்றும் வீரர் மற்றொரு லீகில் தவறாமல் இறக்கப்பட வேண்டியவராக இருக்கலாம்.

அடுத்து எடைபோட வேண்டியது வாய்ப்பு. ஒரு ரிசீவரை நோக்கி எறியப்படும் ஒவ்வொரு பந்தும், அவர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், டார்கெட் என்று எண்ணப்படுகிறது. அணி எறியும் மொத்தப் பந்துகளில் அவருக்கு வருபவை எத்தனை விழுக்காடு என்பது டார்கெட் பங்கு. பயிற்சியாளரின் திட்டமும் குவார்ட்டர்பேக்கின் நம்பிக்கையும் வாரத்துக்கு வாரம் தலைகீழாக மாறுவதில்லை என்பதால் டார்கெட் பங்கு ஓரளவு நிலையாக இருக்கிறது; டச்டவுனோ பருவம் முழுவதிலும் சில முறையே நிகழ்வதால் பெரிதும் ஏறி இறங்குகிறது. சென்ற வாரப் புள்ளிகளை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர், நிலையானதைக் கைவிட்டு நிலையற்றதைப் பின்தொடர்கிறார்.

இதற்கு அட்லாண்டா அணியின் ஜூலியோ ஜோன்ஸ் தக்க சான்று. 2017ஆம் ஆண்டில் அவர் 88 பந்துகளைப் பிடித்து 1,444 கெஜம் முன்னேறியும் டச்டவுன் மூன்றே மூன்றுதான். அவற்றிலும் இரண்டு, நவம்பர் 26 அன்று தாம்பா பே அணிக்கு எதிராக 12 பந்துகளில் 253 கெஜம் ஈட்டிய ஒரே ஆட்டத்தில் வந்தவை. பி.பி.ஆர். முறையில் அந்த ஒரு நாளின் மதிப்பு 49.3 புள்ளிகள். 2018ஆம் ஆண்டில் முதல் ஏழு ஆட்டங்களில் அவருக்கு ஒரு டச்டவுன்கூடக் கிட்டவில்லை. எனினும் பந்து அவரைத் தேடி வருவது நிற்கவில்லை. ஒன்பதாம் வாரத்தில் வாஷிங்டன் அணிக்கு எதிராக முதல் டச்டவுன் வந்தது. பருவ முடிவில் 1,677 கெஜத்துடன் என்.எஃப்.எல்.லிலேயே முதலிடமும் 8 டச்டவுன்களும் அவர் கணக்கில் இருந்தன. அந்த ஏழு ஆட்டங்களின் வறட்சியைக் கண்டு அவரைப் பெஞ்சில் அமர்த்தியவர்கள், வரவிருந்த பலனைத் தாமே தள்ளிவிட்டவர்கள் ஆனார்கள்.

வாய்ப்பு ஏறத்தாழச் சமமாக உள்ள இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் எதிரணியைப் பற்றிய ஆராய்ச்சி உதவுகிறது. ரிசீவரை ஒட்டிக் காப்பவர் கார்னர்பேக். மிகச் சிறந்த கார்னர்பேக், எதிரணியின் முதன்மை ரிசீவர் எங்கு நின்றாலும் அவரைத் தொடர்ந்து செல்வதுண்டு. 2009ஆம் ஆண்டில் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் டேரல் ரெவிஸ் இப்பணியைத் திறம்படச் செய்தமையால், அவர் காத்த பகுதியை ரசிகர்கள் ‘ரெவிஸ் தீவு’ என்றே அழைத்தனர்; அந்தப் பருவத்தின் இரண்டாம் வாரத்தில் ராண்டி மாஸ் போன்றவரே அவருக்கு எதிராக 4 பந்துகளில் 24 கெஜத்தோடு அடங்கினார். ஆயினும் எல்லா அணிகளும் இவ்வாறு துரத்திக் காப்பதில்லை. ஓரத்தில் நிற்காமல் உட்பக்கம் நிற்கும் ஸ்லாட் ரிசீவரைக் காப்பவர் வேறொருவராக இருப்பதும் உண்டு என்பதால், எதிரணியின் புகழ்பெற்ற பெயரைக் கண்டதுமே அஞ்சுவது முறையாகாது.

வானிலையைப் பொறுத்தவரை மழையைவிடக் காற்றே ரிசீவருக்குப் பெரும்பகை. 2021 டிசம்பர் 6 அன்று பஃபலோ அணியின் மைதானத்தில் பலத்த காற்று வீசியபோது, நியூ இங்கிலாந்து அணியின் மேக் ஜோன்ஸ் ஆட்டம் முழுவதிலும் மூன்று பந்துகளையே எறிந்தார். அந்த அணி பந்தைத் தூக்கி ஓடியே 14–10 என்று வென்றது. வெற்றி பெற்ற அணியின் ரிசீவர்களை நம்பியிருந்த கற்பனை அணிகளுக்கு அன்று கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

காயம் பற்றிய அறிக்கையும் கவனத்துடன் படிக்கப்பட வேண்டியது. ஞாயிறு ஆட்டத்துக்கு முன்பு, ஒரு வீரர் முழுமையாகப் பயிற்சி செய்தாரா, ஓரளவே செய்தாரா, விலகியிருந்தாரா என்பதை அணிகள் வழக்கமாகப் புதன் முதல் வெள்ளி வரை அறிவிக்கின்றன. ஆட மாட்டார், ஆடுவது அரிது, ஆடுவது ஐயம் என்ற மூன்று நிலைகளில் ஒன்றும் தேவைக்கேற்பக் குறிக்கப்படுகிறது. ஆடாதவர்களின் இறுதிப் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடங்களுக்கு முன்பே வெளியாவதால், ஐயத்துக்குரியவரை இறக்க எண்ணுவோர் அதே நேரத்திலோ அதற்குப் பின்னரோ ஆடும் மாற்று வீரர் ஒருவரைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். வியாழக்கிழமை ஆடுபவரை ஃப்ளெக்ஸ் இடத்தில் வைக்காமல் அவருக்கு உரிய இடத்திலேயே வைத்து, பொது இடத்தைக் கடைசியாக ஆடுபவருக்கு ஒதுக்குவதும் இதே காரணத்தால்தான்; கடைசி நேரத்தில் மாற்றம் தேவைப்பட்டால் மூவகை வீரர்களும் தெரிவில் இருப்பார்கள்.

எஞ்சுவது அந்த வாரம் தம் கற்பனை அணியோடு மோதும் எதிராளியின் வலிமை. சிறு தொலைவுப் பந்துகளை நிறையப் பிடிப்பவர் பெரிதாகக் குவிக்காவிட்டாலும் அரிதாகவே கைவிடுவார். நெடுந்தொலைவுப் பந்துகளை நம்பியிருப்பவர் ஒரு வாரம் 2 புள்ளியும் மறு வாரம் 25 புள்ளியும் தரக்கூடும். தம் அணி எதிராளியைவிட வலுவாக உள்ளபோது முன்னவரும், பின்தங்கியுள்ளபோது பின்னவருமே பொருத்தமானவர்கள்.

இவ்வளவு ஆராய்ந்த பிறகும் அமர்த்தப்பட்டவர் 30 புள்ளி எடுப்பதும் இறக்கப்பட்டவர் 3 புள்ளியோடு நிற்பதும் நிகழத்தான் செய்யும். அதனாலேயே முடிவு தவறாகிவிடாது. ஆட்டம் தொடங்கும் முன் அறியக்கூடியவற்றை எல்லாம் அறிந்து, அவற்றை உரிய வரிசையில் எடைபோட்டாரா என்பதே ஒருவரின் தேர்வை அளக்கும் நேரிய அளவுகோல். எனவே ஒவ்வொரு வாரமும் தேர்வுக்கான காரணத்தை ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்து, முடிவு தெரிந்தபின் புள்ளிகளை அன்றி அந்தக் காரணத்தைத் திரும்பப் பரிசீலிப்பவரே, பருவம் முதிர முதிரத் தேர்வில் தேர்ச்சி பெறுகிறார்.

(தொடரும்)