கிணற்றில் உப்பு, வயலில் உவர்: வானிலிருந்தும் நிலத்துக்குள்ளும் பார்க்கும் வழிகள்

இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் கமக்காரக் குடும்பம் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். தண்ணீர் நல்லதா, உவரா? அடுத்த கேள்வி வயலைப் பற்றியது. இந்த வட்டையில் மீண்டும் நெல் விளையுமா? இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் விதைநெல்லுக்கும் உழவுக்கும் கடன் வாங்கினால், பயிர் கருகிய பின்னும் கடன் நிற்கும். தற்காலிக இடத்தில் இன்னும் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கும் இதே கவலை உண்டு. போவதா, இருப்பதா என்ற முடிவு மண்ணையும் நீரையும் பொறுத்தது.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தோண்டாமலே அறிய இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செய்மதிகள் மூலம் வானிலிருந்து பார்ப்பது. இதனைத் தொலையுணர்வு என்பர். மற்றது, நிலத்தினுள் மின்சாரத்தைச் செலுத்திப் பார்ப்பது. இது புவிப்பௌதிக முறை. கல்முனைக் கரையோரத்தில் இவை எவ்வாறு உதவும், எங்கே உதவமாட்டா என்பதை இங்கு ஆராய்வோம்.

கடல் வந்த பின்னர்

2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோர ஊர்களை வரிசையாக அழித்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அலை வடிந்த பின் எஞ்சியது உப்பு. கடல்நீர் திறந்த கிணறுகளை நேரடியாக நிரப்பியது. பள்ளங்களில் தேங்கிய நீரும் மணலினூடாக மெல்ல மெல்ல நிலத்தடிக்கு இறங்கியது. நாடு முழுவதும் 40,000க்கும் மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் அழிந்தன அல்லது மாசடைந்தன என்று மதிப்பிடப்பட்டது.

2005 பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை அமெரிக்க, இலங்கை, டென்மார்க் நாட்டு நீரியல் நிபுணர்கள் கிழக்குக் கரையோரத்தில் நிலத்தடி நீரைத் தொடர்ந்து அளந்தனர். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமும் கல்லடி, களுவாஞ்சிக்குடி, ஒலுவில் ஆகிய மூன்று இடங்களில் கிணறுகளை ஆராய்ந்தது. இவ்வாய்வுகளிலிருந்து கிடைத்த பாடம் எமக்கெல்லாம் முக்கியமானது. கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்ததால் உப்பு நீங்கவில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் நிலைமை மோசமாகும் ஆபத்து இருந்தது. உப்பைக் கழுவியது பெரும்பாலும் மாரி மழைதான்.

இதற்குக் காரணம் உண்டு. கரையோர மணலில் மழைநீர் ஒரு வில்லைபோல் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, கடல்நீர் சற்றுப் பாரம் கூடியது. இந்தக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டு கைபனும், 1901 இல் ஜேர்மனி நாட்டு ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டனர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் கீழேயுள்ள உப்புநீர் 40 அடி மேலெழ இடமுண்டு. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் திட்டில் நெருங்கிக் குடியிருக்கும் எமது ஊர்களுக்கு இது பெரிய விடயம்.

நான்கு கம்பிகளும் ஒரு பற்றரியும்

நிலத்துக்குள் உப்புநீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை மின்தடை அளவீட்டினால் அறியலாம். 1912 இல் பிரான்ஸ் நாட்டவரான கொன்ராட் ஸ்லம்பர்கர் இம்முறையைத் தொடங்கினார். 1915 இல் அமெரிக்கரான பிராங்க் வென்னர் இன்னொரு ஒழுங்கை வகுத்தார். நான்கு உருக்குக் கம்பிகளை நேர்கோட்டில் நிலத்தில் அடிப்பர். வெளிக் கம்பிகள் இரண்டினூடாக மின்சாரத்தைச் செலுத்தி, உட்கம்பிகள் இரண்டுக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை அளப்பர். கம்பிகளுக்கு இடையேயுள்ள தூரத்தைக் கூட்டக் கூட்ட, மின்சாரம் அதிக ஆழத்துக்குச் சென்று திரும்பும்.

உப்பு நீரில் மின்சாரம் இலகுவாக ஓடும். கடல்நீரின் தடைத்திறன் ஏறத்தாழ 0.2 ஓம் மீற்றர்தான். கடல்நீர் ஊறிய மணலில் அது ஒன்று அல்லது சில ஓம் மீற்றராக இருக்கும். நன்னீர் ஊறிய மணலில் பல பத்துகளாகவும் நூறுக்கு மேலாகவும் ஏறும். உலர்ந்த மணலில் இன்னும் பல மடங்கு கூடும். ஆகவே அளவீடு ஓர் ஆழத்தில் சட்டென்று விழுந்தால், அங்கே உப்புநீர் தொடங்குகிறது என்று ஊகிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். களிமண்ணும் மின்சாரத்தை நன்கு கடத்தும். வயற்காணிகளின் அடியிலுள்ள களிப்படை, உப்புநீர் போலவே குறைந்த அளவைக் காட்டக்கூடும். முட்கம்பி வேலியும் நீர்க்குழாயும் கட்டட அத்திவாரமும் கணக்கைக் குழப்பும். அருகிலுள்ள ஒரு கிணற்று நீரையாவது அளந்து ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வரவேண்டும். குழாய்க்கிணறு தோண்ட இடம் பார்ப்பதற்கு எமது நாட்டின் நீர்வள சபை இம்முறையைப் பயன்படுத்தி வருகிறது. ஒரு கிராமமாகச் சேர்ந்து கேட்டால், ஒரு தெருவுக்கோ ஒரு வட்டைக்கோ ஒரே தடவையில் அளவீடு செய்விக்கலாம்.

பெரிய பரப்புகளை விண்ணில் பறந்தும் அளக்கலாம். அதே ஆழிப்பேரலை தாக்கிய இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில், ஜேர்மனியின் புவிச்சரிதவியல் நிறுவனம் 2005 இல் ஹெலிகொப்டரின் கீழே மின்காந்தக் கருவியொன்றைத் தொங்கவிட்டுப் பறந்தது. நன்னீர் உள்ள இடமும் உப்பு ஏறிய இடமும் அதனால் வரைபடமாகின.

வானத்துக் கண்கள்

செய்மதி நிலத்தைத் துளைத்துப் பார்ப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து தெறித்து வரும் ஒளியையே அது அளக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, எமது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியைப் பெருமளவில் திருப்பி அனுப்பும். பயிர் வாடும்போது இந்த வேறுபாடு குறைகிறது. ஒரு வட்டையில் சுற்றியுள்ள வயல்கள் செழித்து நிற்க, ஒரு மூலை மட்டும் போகத்துக்குப் போகம் வெளிறிக் கிடந்தால், அங்கே உவரோ நீர்த்தேக்கமோ வேறு குறையோ உண்டென்று அறியலாம். எது என்பதைப் படம் சொல்லாது. மண்வெட்டியுடன் அவ்விடத்துக்கு ஒருவர் போகவேண்டும்.

அமெரிக்காவின் லான்ட்சற் செய்மதிகள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. 1984 இல் ஏவப்பட்ட லான்ட்சற் 5 இன் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றர் சதுரம். அதாவது ஓர் ஏக்கர் வயல் நான்கரைப் புள்ளிகளாகத் தெரியும். 2015 முதல் பறக்கும் ஐரோப்பாவின் சென்ரினல் 2 செய்மதிகளின் படத்தில் புள்ளி 10 மீற்றர். அதே ஏக்கருக்கு 40 புள்ளிகள் கிடைக்கின்றன. இவ்விரு வகைப் படங்களையும் இணையத்தில் இலவசமாகப் பெறலாம்.

மாரி காலத்தில் முகில் மறைக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். அது உண்மையே. பெரும்போகம் விதைக்கும் நாட்களில் எமது கரையில் வானம் மூடியே இருக்கும். அதற்காகவே ராடார் செய்மதிகள் உள்ளன. 2014 இல் ஏவப்பட்ட சென்ரினல் 1 தானே அலையை அனுப்பி, அதன் எதிரொலியை வாங்குவதால், முகிலையும் இருளையும் ஊடறுத்து வெள்ளம் நிற்கும் இடத்தைக் காட்டும். மண்ணின் ஈரத்தை அளக்கவென்றே 2015 இல் ஏவப்பட்ட செய்மதியும் உண்டு. ஆனால் அதன் ஒரு புள்ளி பல கிலோமீற்றர் அகலமானது. தனி வயலுக்கு அது உதவாது.

நிலத்தடி நீரின் பாரத்தையே அளந்த செய்மதிகளும் உண்டு. 2002 முதல் 2017 வரை இயங்கிய கிரேஸ் என்னும் இரட்டைச் செய்மதி, புவியீர்ப்பின் சிறு மாற்றங்களை அளந்து, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதிகளில் நிலத்தடி நீர் வற்றி வருவதைக் கண்டது. 2018 முதல் அதன் வாரிசுச் செய்மதிகள் பணியைத் தொடர்கின்றன. ஆயினும் அக்கண்ணுக்கு அம்பாறை மாவட்டம் முழுவதுமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

கரை நகர்வதைக் காண்பதில் செய்மதி வல்லது. 2008 இல் வேலை தொடங்கி 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கடல் கரையை அரித்தது. தென்னை நின்ற காணிகள் கடலுக்குள் போயின. வருடவாரியாகப் படங்களை அடுக்கிப் பார்த்தால், கரைக்கோடு பின்வாங்கியது தெளிவாகத் தெரியும். கரை பின்வாங்கினால் நன்னீர் வில்லையும் ஒடுங்கும் என்பதைக் கரையோரக் கிணற்றுக்காரர் மறக்கலாகாது.

காணிக்குச் சாட்சி

பழைய படங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. 1990 இல் வன்செயலால் ஊரை விட்டுப் போன குடும்பங்கள் பல வருடங்களாகத் தமது வயலுக்குப் போக முடியாதிருந்தன. உழாத வயலில் பற்றை வளரும். பத்து இருபது வருடங்களில் அது காடுபோல் தோன்றும். பின்னர் அது காடா, வயலா என்ற வழக்கு எழும். இடம்பெயர்வுக்கு முந்திய ஒரு வருடத்தின் முகிலில்லாத செய்மதிப் படம் கிடைத்தால், அவ்விடத்தில் வரம்பும் பயிரும் இருந்தமை தெரியவரலாம். 1956 இல் எடுக்கப்பட்ட விமானப் படங்களும் நில அளவைத் திணைக்களத்தில் உள்ளன.

ஆனால் அக்காணி யாருடையது என்பதை எந்தப் படமும் சொல்லாது. அதற்கு உறுதி, பெர்மிட், கமநல சேவை நிலையத்து நெற்காணி இடாப்பு, வட்டவிதானையின் சாட்சியம் ஆகியவையே வேண்டும். படம் அவற்றுக்குத் துணையாக நிற்கும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய கருவிகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ பள்ளிவாசல் நிருவாகமோ மாதர் சங்கமோ வாங்கி வைத்திருக்கலாம்.

முதலாவது, மாதம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், அதே கிணறுகளை அளந்து கொப்பியில் எழுதுங்கள். திகதி, கடைசியாக மழை பெய்த நாள், முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்த நீர்மட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் குறியுங்கள். மேல்நீரை மட்டுமன்றி அடிநீரையும் எடுத்து அளப்பது நல்லது. கடல்நீர் ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமன்ஸ் காட்டும். 1,500 ஐத் தாண்டும்போது நீரின் சுவை மாறத் தொடங்கும்.

இரண்டாவது, உவர் ஏறிய கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைக்காதீர்கள். சேறும் குப்பையும் நீக்கி, குளோரீன் இட்டு, மழைக்கு இடம் கொடுங்கள். கூரைநீரையும் முற்றத்து நீரையும் கடலுக்கு ஓடவிடாமல் மணலில் ஊறவிடுங்கள். மலசலகூடக் குழியருகே மட்டும் வேண்டாம்.

மூன்றாவது, விதைப்புக்கு முன் வயலின் பல இடங்களிலிருந்து மண்ணெடுத்துக் கலந்து, விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து உவரைச் சோதிப்பியுங்கள். மண்சாற்றின் கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸ் ஆகும்வரை நெல் தாங்கும்; அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 12 வீதம் குறையும். வெங்காயம் 1.2 இலேயே, மிளகாய் 1.5 இலேயே பாதிக்கப்படும். உவர் மிதமாக இருந்தால், அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.ரி. 354, ஏ.ரி. 401 போன்ற உவர் தாங்கும் இனங்களைப் பற்றி விசாரியுங்கள்.

நான்காவது, ஊரிலே படித்த பிள்ளைகளைச் சேருங்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருக்கிறது. கிணற்றுக் கொப்பியும் செய்மதிப் படமும் ஒரே மேசைக்கு வந்தால், எந்தத் தெருவில் உப்பு ஏறுகிறது, எந்த வட்டை தேறி வருகிறது என்பதை ஊரே பார்த்து விளங்கிக்கொள்ளும்.

“மகன், இந்தக் கிணறு இனி நல்ல தண்ணி தருமா?” என்று ஒரு மூத்தம்மா கேட்டால், இரண்டு மாரியும் இரண்டு கோடையும் எழுதிய கணக்கைக் காட்டிப் பதில் சொல்லக்கூடியவர்களாக நாம் இருக்க வேண்டும். அக்கணக்கைக் கொண்டு அதிகாரிகளிடம் போனால், “உவராக இருக்கிறது ஐயா” என்ற வெறும் முறைப்பாட்டைவிட எமது சொல்லுக்கு வலு இருக்கும். இம்மாதமே ஒரு கொப்பியை வாங்கித் தொடங்குவோம்.