உங்கள் வீட்டுக்கு எத்தனை லிட்டர் கீசர் வேண்டும்?

மார்கழி மாதக் காலை, மணி ஆறரை. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை முதலில் குளிக்கிறான். அடுத்து அலுவலகம் போகும் அப்பா, அவருக்குப் பின்னால் அம்மா. எல்லோரும் முடித்து, கடைசியாகப் பாட்டி பாத்ரூமுக்குள் போகும்போது குழாயில் வருவது வெதுவெதுப்பு கூட இல்லாத தண்ணீர். "பரவாயில்லை, பழகிடுச்சு" என்று பாட்டி சொல்லிவிடுவார். வீட்டில் யாருக்கு வெந்நீர் அவசியமோ, அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை.

"இதைவிடப் பெரிய கீசர் வாங்கிடலாமா?" என்ற பேச்சு அன்று மாலையே ஆரம்பிக்கும். கடைக்குப் போனால், "வீட்டுல எத்தனை பேர்?" என்ற ஒரே கேள்வியில் விற்பனையாளர் ஒரு மாடலைக் காட்டிவிடுவார். ஆனால், தலையை எண்ணுவது மட்டும் போதாது. எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்குள், எப்படிக் குளிக்கிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் கீசரின் அளவை முடிவு செய்கின்றன.

15 லிட்டர் என்றால் 15 லிட்டர் அல்ல

கீசருக்குள் தண்ணீர் சுமார் 60 டிகிரி வரை சூடாகிறது. அதை அப்படியே யாரும் மேலே ஊற்றிக்கொள்வதில்லை. அந்தச் சூடு சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். பச்சைத் தண்ணீர் கலந்து, ஏறத்தாழ 40 டிகிரிக்குக் கொண்டுவந்துதான் குளிக்கிறோம்.

சென்னை போன்ற ஊரில் குழாய்த் தண்ணீர் 27 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி, 15 லிட்டர் கீசரிலிருந்து 38 லிட்டர் குளிக்கும் வெந்நீர் கிடைக்க வேண்டும். வெந்நீர் வெளியேற வெளியேற உள்ளே பச்சைத் தண்ணீர் வந்து கலப்பதால், கைக்கு வருவது 30 லிட்டர் அளவுதான். அதாவது, ஒன்றரை முதல் இரண்டு பக்கெட்.

இதே கீசரை ஊட்டியில் மாட்டினால் கதை வேறு. அங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் வந்தால், 20 லிட்டரைத் தாண்டுவதே கஷ்டம். ஆகவே, சென்னையில் இருக்கும் அக்கா வீட்டில் போதுமானதாக இருக்கும் கீசர், ஊட்டியில் இருக்கும் தங்கை வீட்டில் போதாது.

பக்கெட்டா, ஷவரா?

பக்கெட்டில் குளிப்பவருக்கு 18 முதல் 20 லிட்டர் போதும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் ஐந்து நிமிடம் நின்றாலே 40 லிட்டர் போய்விடும். ஷவரில் குளிக்கும் ஒருவர், பக்கெட்டில் குளிக்கும் இரண்டு பேருக்குச் சமம்.

ஸ்விட்சை அணைப்பவரா நீங்கள்?

சேமிப்பு வகை கீசர்கள் பெரும்பாலும் 2,000 வாட் திறன் கொண்டவை. 15 லிட்டரைச் சூடாக்க ஏறக்குறைய 17 நிமிடம், 25 லிட்டருக்கு அரை மணி நேரம் ஆகும். ஸ்விட்ச் போட்டபடியே இருந்தால், நாம் பிடிக்கப் பிடிக்க உள்ளே அடுத்த தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும். சென்னையில் எட்டு ஒன்பது நிமிடத்துக்கு ஒரு பக்கெட் என்ற கணக்கில் வெந்நீர் வந்துகொண்டே இருக்கும். அதனால், அரை மணி நேரத்துக்குள் நான்கு பேர் பக்கெட்டில் குளிக்க 15 லிட்டரே தாராளம்.

ஆனால், ஷாக் அடித்துவிடுமோ என்ற பயத்தில் குளிக்கப் போகும் முன் ஸ்விட்சை அணைத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். அப்படி அணைத்தால் தொட்டியில் இருப்பது மட்டுமே கணக்கு. முதல் இருவருக்குச் சூடு, மற்றவர்களுக்குக் காத்திருப்பு. பாட்டிக்குப் பச்சைத் தண்ணீர் வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இணைப்பைச் சோதித்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாகும்வரை அணைத்துவிட்டுக் குளிப்பதே நல்லது.

எந்த வீட்டுக்கு எது?

* ஒருவர் அல்லது இருவர், பக்கெட் குளியல்: 10 லிட்டர். குளிர்ப் பிரதேசம் என்றால் 15.
* மூன்று, நான்கு பேர், பக்கெட் குளியல்: சமவெளியில் 15 லிட்டர், மலை ஊர்களில் 25.
* மூன்று, நான்கு பேர், ஷவர்: 25 லிட்டர். அதிலும் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் சற்று இடைவெளி வேண்டும்.
* இரண்டு பாத்ரூம்: ஒரே பெரிய கீசரைவிட ஆளுக்கொரு 15 லிட்டர் மேல். 10 மீட்டர் குழாயில் தேங்கும் தண்ணீரே ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு முறையும் அது ஆறி வீணாகும்.
* சமையலறை: பாத்திரம் கழுவ 1 அல்லது 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் போதும்.

3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் சென்னையில் ஒரு பக்கெட்டை ஐந்தாறு நிமிடத்தில் நிரப்பிவிடும். ஷவருக்கு அது ஈடுகொடுக்காது. 4,500 வாட் மாடல் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும்; வீட்டில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. தனி வயரிங் தேவை.

பெரிய கீசர், பெரிய பில்?

இது பாதி உண்மை. பில்லைத் தீர்மானிப்பது தொட்டியின் அளவைவிட நாம் செலவழிக்கும் தண்ணீரின் அளவுதான். ஒரு பக்கெட் வெந்நீருக்கு கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமாகும். நான்கு பேருக்கு இரண்டு மாதத்தில் 65 முதல் 70 யூனிட். அதே நான்கு பேரும் ஷவரில் குளித்தால் 140 யூனிட்டைத் தாண்டும். தமிழகத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படி யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டணம் கூடும். விளிம்பில் இருக்கும் வீடுகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பெரிய தொட்டியில் நஷ்டம் வேறு வழியில் வருகிறது. இருவருக்காக 25 லிட்டரைச் சூடாக்கி, பாதியை ஆறவிட்டால் அது தினசரி வீண். ஸ்டார் லேபிளைப் பார்ப்பது இதற்காகத்தான். சூட்டை எவ்வளவு குறைவாக இழக்கிறது என்பதை வைத்தே சேமிப்பு வகை கீசர்களுக்கு நட்சத்திரம் தருகிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க...

* ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும்.
* அடுக்குமாடியில் கீழ்த்தளங்களுக்குத் தண்ணீர் அழுத்தம் அதிகம். 8 பார் தாங்கும் மாடலைக் கேளுங்கள்.
* போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால், கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியும் மெக்னீசியம் கம்பியும் கொண்ட மாடல் நல்லது. அந்தக் கம்பி கரைந்ததும் மாற்ற வேண்டும்.
* கேஸ் கீசரை எந்தக் காரணத்துக்காகவும் பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள். மூடிய அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, உயிரையே பறித்துவிடும். காற்றோட்டமான வெளியிடத்தில் மட்டுமே அதைப் பொருத்த வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு வாரம், பாத்ரூம் கதவருகே ஒரு தாளை ஒட்டுங்கள். யார், எத்தனை மணிக்கு, எத்தனை பக்கெட் என்று எழுதி வாருங்கள். புதிய கீசரே தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும் என்பதுகூட அதில் தெரியவரலாம். அந்த வரிசையில் பாட்டியின் பெயர் முதலில் இருக்கட்டும்.