நிரல் எண்ணுவது நிமிடங்களை மட்டும்

யூடியூபில் ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது தயாராகிவிடுகிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் கணினி நிரலுக்கு எதைக் கணிக்கச் சொல்லியிருக்கிறார்கள்? அந்த நிறுவனத்தின் அறத்தை இந்தக் கேள்வியிலிருந்துதான் அளக்க வேண்டும்.

2006இல் கூகுள் 165 கோடி டாலர் மதிப்புக்கு யூடியூபை வாங்கியது. தொடக்கத்தில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதே கணக்கு. ஆசை காட்டி ஏமாற்றும் தம்ப்நெயில்கள் பெருகின. 2012இல் அளவுகோல் பார்க்கும் நேரத்துக்கு மாறியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடுதல் நேரம் என்றால் கூடுதல் விளம்பரம்.

இது எப்படி இயங்குகிறது என்பதை கூகுள் பொறியாளர்களே 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். லட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து முதலில் சில நூறு சலித்தெடுக்கப்படும். பிறகு அவை தரவரிசைப்படும். நிரலைப் பழக்கும்போது, சொடுக்கிய காணொளிக்கு அது பார்க்கப்பட்ட நேரமே எடை. சொடுக்காமல் விட்டதற்கு எடை ஒன்று. இந்தக் கணக்கில் இருபது நிமிடம் பார்க்கப்பட்ட புரளிக்கு, இரண்டு நிமிடம் பார்க்கப்பட்ட உண்மையைவிடப் பத்து மடங்கு எடை. உண்மையா பொய்யா என்பதற்கு அங்கே இடமே இல்லை. பார்க்கப்படும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரைகளால் வருகிறது என்று 2018இல் சொன்னவர் நீல் மோகன். இன்று அவர்தான் யூடியூபின் தலைமைச் செயல் அதிகாரி.

என்னை மிகவும் கோபப்படுத்துவது குழந்தைகள் விவகாரம். 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். எங்கள் தளத்தில் அந்த வயதினரே இல்லை என்று ஒரு விளம்பர நிறுவனத்திடம் சொன்ன யூடியூப், 6 முதல் 11 வயதுக் குழந்தைகளைச் சென்றடைவதில் நாங்களே முன்னணி என்று பொம்மை நிறுவனமான மட்டேலிடம் பெருமை பேசியது. அரசின் புகார் மனுவிலேயே இது இருக்கிறது. 2019 செப்டம்பரில் 17 கோடி டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டார்கள். அந்த ஆண்டு யூடியூபின் விளம்பர வருமானம் சுமார் 1,500 கோடி டாலர். அபராதம், நான்கு நாள் வசூல்!

அதே 2019 ஜனவரியில், பூமி தட்டையானது, அற்புத மருந்து கொடிய நோயைக் குணமாக்கும் என்பது போன்ற காணொளிகளைப் பரிந்துரைப்பதைக் குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. நினைத்தால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஊடகங்களும் முன்னாள் ஊழியர்களும் அம்பலப்படுத்தும்வரை அதைச் செய்ய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. வயது வரம்பில் அமெரிக்காவைவிட இது கறாரானது. ஆனால் பரிந்துரை நிரல் எந்த எண்ணைப் பெருக்கப் பழக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொதுவெளியில் சொல்லும் கட்டாயம் அதில் இல்லை. அந்தக் கட்டாயத்தைத்தான் நாம் அடுத்துக் கேட்க வேண்டும்.